பேர் எழுதாத டப்பா

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றியும் கடலுக்குள் நிற்கிற சிலையைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் இரண்டையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் நியூஜெர்சியில் மூன்று ஊர்; தவறுதலாக நாலாவதாக ஒன்று. தங்கிய ஊர் போக மற்றவற்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் தேடிப் போனதில்தான் பார்த்தேன்.

உண்மையில் போக வேண்டியவள் என் மனைவி சரசு. மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். இரண்டு பேருமாக விசாவுக்குப் போய் நின்றோம். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்க எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கோவில்பட்டியில் பெயிண்டுக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். பிரசவம் பார்க்கத் தகப்பன் போகிற கதையை எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

“நீங்க போய் என்ன செய்யப் போறீக? கதவு பூட்டியாச்சான்னு பத்து வாட்டி இழுத்துப் பார்ப்பீக. அதை அங்க போய்ப் பாருங்க,” என்றாள் சரசு. பெட்டி கட்டும்போது மட்டும் குரல் இறங்கியது. “பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்ததும் பத்திரமாக் காய வச்சு எடுத்துட்டு வந்துருங்க. வெள்ளித் தாயத்துல அடைச்சு, யார் கையிலயாவது திருப்பிக் குடுத்து விடுவேன். நான் செய்யுறதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு.”

செல்விக்கும் அப்படித்தான் செய்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவரை செல்வியின் அரைஞாணில் அந்தத் தாயத்து கிடந்தது.

பிளெய்ன்ஸ்பரோவில் நான் இறங்கியது தொண்ணூற்றேழு அக்டோபரில். எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு, ஒரே மண் நிறம். முதல் வாரத்திலேயே அடுத்த கட்டடத்துக் கதவில் சாவியைப் போட்டுத் திருகி, உள்ளே இருந்த சீனக்காரப் பெண் அலறி, நானும் அலறி, பிறகு இருவரும் கும்பிட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து வழியில் பார்த்தால் அந்தப் பெண் கும்பிடுவாள். மரங்களெல்லாம் இலை சிவந்து நின்றன. என் கடையில் இருக்கிற நிற அட்டையில்கூட அத்தனை சிவப்பு கிடையாது.

சமையல் என் பொறுப்பு. சரசு போனில் சொல்லச் சொல்ல பூண்டுக் குழம்பு வைத்தேன். மிளகாய் வறுத்தால் கூரையில் ஒரு வட்டப் பெட்டி கூவும். மருமகன் முரளி அலட்டிக்கொள்ளாமல் எழுந்து, ஒரு துண்டை அதன் முன்னால் விசிறிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன்.

பெண் குழந்தை. நந்தினி என்று பெயர் வைத்தார்கள். தொப்புள்கொடி ஒரு காலையில் அணையாடையோடு வந்தது. “அதைத் தூக்கிப் போட்டுருங்கப்பா, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்,” என்றாள் செல்வி. சரி என்றேன். போடவில்லை. ஜன்னல் ஓரம் வெயிலில் டீ வடிகட்டியைக் கவிழ்த்து மூடிக் காய வைத்தேன். கருத்துச் சுருங்கி ஒரு குச்சித் துண்டு மாதிரி ஆனது. அதை ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடினேன்.

முரளிக்குப் போட்டோ பைத்தியம். அதனால் அந்த வீட்டில் ஃபிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. ஏலக்காய், ஓமம், பெருங்காயம், விபூதி எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றிலும் செல்வி வெள்ளைத் தாள் ஒட்டி இங்கிலீஷில் பேர் எழுதியிருந்தாள். ஒன்றில் மட்டும் எழுதவில்லை. அது வசம்பு. சுட்டு உரசிப் பிள்ளைக்குக் கொடுக்கிற வசம்பை எங்கள் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். ‘பேர் சொல்லாதது’ என்போம். அம்மா சொல்லாத பேரை மகளும் எழுதவில்லை. அமெரிக்கா வந்து இத்தனை வருஷமாகியும் அது மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

என் டப்பாவிலும் நான் பேர் எழுதவில்லை. எழுதினால் செல்வி பார்த்துவிடுவாளே! கூட்டத்தோடு கூட்டமாக இருந்தால் யார் கண்ணிலும் படாது என்று, அடுக்களை அலமாரியில் பின்வரிசையில் வைத்தேன். தினமும் காலையில் எழுந்ததும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை தொட்டபோது இல்லை.

பேர் எழுதாத டப்பா ஒன்றுதான் இருந்தது. திறந்ததும் வசம்பு நெடி மூக்கில் ஏறியது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். ஓமம் தரையில் கொட்டியது. “என்னப்பா தேடுறீங்க?” என்றாள் செல்வி அறையிலிருந்து. “ஓமம்,” என்றேன். காலடியில் ஓமம் கிடந்தது.

இந்த இடத்தில் ஸ்டெல்லா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர். அதே குடியிருப்பில் மகன் ராபின் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் வாத்துகள் மேய்கிற குளத்தைச் சுற்றி நாங்கள் சேர்ந்து நடப்போம். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம், அவருக்கு எதிலும் பயமில்லை. நான் வாத்துக்கு வழி விட்டு நிற்பேன். அவர், “போ அங்கிட்டு!” என்று அதட்டிக்கொண்டு நடுவில் போவார்.

ஊர் நூலகத்திலிருந்து டீச்சர் இங்கிலீஷ் துப்பறியும் கதைகளாக எடுத்து வந்து படிப்பார். அப்போது அவருக்குப் பிடித்திருந்தது ஸ்காட்லாந்தில் நடக்கிற ஒரு கதை வரிசை. ஒரு பெண் டாக்டரும் ஒரு தபால்காரரும் சேர்ந்து துப்புத் துலக்குவார்களாம். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாதாம். நடந்துகொண்டே எனக்குக் கதை சொல்வார்.

“எப்பப் பாரு மழை, அண்ணாச்சி. எல்லாரும் டீ குடிக்காங்க. டீ குடிச்சு முடிச்சதும் ஒருத்தன் செத்துக் கிடக்கான்.”

“டீயிலயா?”

“இல்ல. டீ சும்மா.”

அன்று நான் டப்பா காணாமல் போனதைச் சொன்னதும் டீச்சர் நடையை நிறுத்திவிட்டார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“யார் எடுத்தான்னு பாக்கக்கூடாது. யாருக்குத் தேவைன்னு பாக்கணும். நேத்து வீட்டுக்கு யார் யார் வந்தா?”

பிள்ளை பார்க்க இரண்டு குடும்பம் வந்திருந்தது. ஐசலினிலிருந்து லட்சுமி ஆன்ட்டி, பார்சிப்பனியிலிருந்து கவிதாவும் அவள் புருஷனும் கைக்குழந்தை கார்த்திக்கும். அவர்கள் இருந்த நேரத்தில் பாதி நான் கீழே துணி துவைக்கிற அறையில் இருந்தேன்.

“செல்வியைக் கேட்டா முடிஞ்சுது.”

“கேட்டா, தூக்கிப் போடச் சொன்னதை வச்சிருந்தது தெரிஞ்சு போகும், டீச்சர். பச்சை உடம்புக்காரி. சண்டை வந்துரும்.”

“அப்ப நான் கேக்கேன்,” என்று டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து, செல்வியின் கட்டிலில் உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். “ஊர்ல இருந்து வந்த சாமானெல்லாம் உனக்கு மிச்சம் இருக்காம்மா, எல்லாத்தையும் வந்தவங்களுக்கே குடுத்துட்டியா?”

பல இரவு தூங்காத செல்வி கொட்டாவி விட்டாள். “லட்சுமி ஆன்ட்டி மட்டும் அம்மா அரைச்ச பிரசவ மருந்துப் பொடி கேட்டாங்க. அவங்க மருமகளுக்கு. நீங்களே எடுத்துக்கோங்க ஆன்ட்டின்னேன்.”

வாசலுக்கு வந்ததும் டீச்சர் கிசுகிசுத்தார்: “கேட்டீரா? அவங்களே எடுத்திருக்காங்க. நாளைக்கு ஐசலின்.”

மறுநாள் காய்கறி வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ராபின் வேலைக்குப் போகிற வழியில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிட்டான். எந்தப் பக்கம் நிற்பது என்று யாரிடமாவது கேட்கலாம் என்றேன். “கணக்கு டீச்சருக்குத் திசை தெரியாதா?” என்றார். வந்த வண்டியில் ஏறினோம். வண்டி சுத்தம், சத்தமில்லை, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து ரயில் என்றால், நாலு ஸ்டேஷனுக்குள் எதிர் சீட்டுக்காரரின் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுவரை தெரிந்திருக்கும்.

டிக்கெட்டில் ஓட்டை போடுகிறவர் வந்தார். ஆஜானுபாகுவான கறுப்பினத்துக்காரர். டிக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெதுவாக ஏதோ சொன்னார். டீச்சர் முகம் மாறியது.

“என்ன சொல்றார்?”

“‘அம்மா, நீங்கள் போகவேண்டிய ஊர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது’ங்கார்.”

வண்டி ட்ரென்டனில் போய் நின்றது. அந்த மனிதர் எங்களோடு இறங்கி, திரும்பிப் போகிற வண்டி நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டார். போகும்போது என்னைக் காட்டி ஏதோ கேட்டார். டீச்சர் பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

“இவர் எப்பவும் இப்படித்தான் பயந்தாப்புல இருப்பாரான்னு கேட்டார். இவருக்கு அதுதான் வேலைன்னேன்.”

ஐசலினுக்கான மெட்ரோபார்க் ஸ்டேஷனில் இறங்கி ஓக் ட்ரீ ரோடுவரை நடந்தோம். அமெரிக்காவில் நடக்கிறவர்களைக் கார்க்காரர்கள் பரிதாபமாகப் பார்க்கிறார்கள், கார் ரிப்பேர் என்று நினைத்துக்கொள்வார்கள்போல. அந்தத் தெருவில் கால் வைத்ததும் எனக்குப் படபடப்பு அடங்கியது. ஊதுபத்தி வாசம், கண்ணாடிக்குப் பின்னால் சேலை கட்டிய பொம்மைகள், நகைக்கடை, வாசலில் பேரம் பேசுகிற பெண்கள். ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். தோசை நன்றாகத்தான் இருந்தது. சாம்பாரில் வெல்லத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். “பாயசம்னு நினைச்சுக் குடியும், அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

லட்சுமி ஆன்ட்டி வீடு பக்கத்துத் தெருவில். சென்னைக்காரர். ஆன்ட்டி என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கும் அவர் ஆன்ட்டியாகிவிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர்தான்.

“வாங்க வாங்க! யாரு டிராப் பண்ணாங்க?”

“ரயில்ல வந்தோம்.”

“ட்ரெயின்லயா! ரெண்டு பேரும் தனியாவா? செல்விக்குத் தெரியுமா?”

டீச்சர் தொண்டையைக் கனைத்தார். அந்த மருந்துப் பொடி எந்த மாதிரி டப்பாவில் இருந்தது, கொஞ்சம் பார்க்கலாமா என்றார். ஆன்ட்டி விநோதமாகப் பார்த்துவிட்டு எடுத்து வந்தார். வெள்ளைத் தாள் ஒட்டிய டப்பா, செல்வியின் எழுத்து, உள்ளே சரசு அரைத்த பொடி. நான் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தேன்.

“இன்னா அங்கிள், பொடில எதுனா பிராப்ளமா?”

“இல்லம்மா. வேற ஒரு டப்பா... பேர் எழுதாதது.”

“ஓ, அதுவா? அத கவிதா கொண்டு போயிட்டாளே! அவ புள்ள ரெண்டு நாளா வயிறு உப்பிக்கினு ஒரே அழுகை. நான்தான் சொன்னேன், செல்விகிட்ட பேர் சொல்லாதது இருக்கும், வாங்கினு போய் ஒரசிக் குடுன்னு. செல்வி பாதித் தூக்கத்துல இருந்தா. கிச்சன்ல பேர் எழுதாத டப்பா இருக்கும், எடுத்துக்கோன்னா.”

சுட்ட வசம்பும் என் டப்பாவில் இருந்ததும் பார்க்க ஒன்றுதான். கருகின துண்டு. அதே நிறம், அதே அளவு. கவிதா அதைக் கல்லில் உரசி அந்தப் பிள்ளை நாக்கில் தடவியிருந்தால்? சரசுவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கவிதாவுக்குத்தான் என்ன பதில் சொல்வேன்?

ஆன்ட்டியின் போனிலிருந்து டீச்சர் பார்சிப்பனிக்குக் கூப்பிட்டார். எடுத்தது ஆள் இல்லை. செய்தி பதிகிற பெட்டி. டீச்சர் நிமிர்ந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார்: “கவிதா, செல்வி வீட்டிலிருந்து எடுத்து வந்த டப்பாவைத் திறக்காதே. அதில் இருப்பதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே. மற்ற விவரம் நேரில்.” வைத்துவிட்டார்.

“பயந்துற மாட்டாங்களா, டீச்சர்?”

“பயந்தாத்தானே குடுக்க மாட்டாங்க?”

திரும்பும்போது சரியான பக்கத்தில் நின்றோம். நான் இரண்டு பேரிடம் கேட்டேன். டீச்சர் தடுக்கவில்லை.

காய்கறி வாங்க மறந்துபோனது வீட்டு வாசலில்தான் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தச் சாக்குக்கு அவசியமே இருக்கவில்லை. முரளி ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். கவிதாவின் புருஷன் தன் வீட்டுக்கு வந்து டீச்சர் பேசியதைப் பெட்டியில் கேட்டுவிட்டு, என்ன விஷமோ என்று பதறி முரளிக்குப் போன் செய்திருக்கிறார். கவிதா பிள்ளையோடு ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், மறுநாள்தான் வருவாள். அந்த வீட்டு நம்பர் புருஷனிடம் இல்லை. பிள்ளையின் சாமானெல்லாம் அவள் பையில்.

“மாமா, அந்த டப்பால என்ன இருக்கு?” என்றார் முரளி, மிளகாய் நெடிக்குத் துண்டு வீசுகிற அதே நிதானத்தோடு.

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். செல்வி முதலில் சிரித்தாள். “இதுக்காகவா அப்பா ட்ரெயின் ஏறிப் போனீங்க? நீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“என்னோடது எங்க இருக்கு?”

“உங்க அம்மா பீரோவுல. தாயத்தோட.”

“இன்னுமா?”

“ஏன் தூக்கிப் போடணும்?”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “முரளி, நாளைக்கு அப்பாவை பார்சிப்பனி கூட்டிட்டுப் போறீங்களா?” என்றாள்.

மறுநாள் முரளி லீவு போட்டுவிட்டு ஓட்டினார். டீச்சர் தானாகவே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் சிவப்பு மரங்கள், கண்ணாடி போட்ட ஆபீஸ் கட்டடங்கள். ஒரு கடையில் முரளி நடுவில் ஓட்டை போட்ட ரொட்டி வாங்கிக் கொடுத்தார். உளுந்தவடை ஞாபகத்தில் கடித்தேன். தாடைதான் வலித்தது. “அந்த ஸ்காட்லாந்துக் கதையில பொருள் கிடைக்குமா, டீச்சர்?” என்று கேட்டேன்.

“கடைசி அத்தியாயத்துல கிடைக்கும். ஆனா யாராவது ஒருத்தருக்கு ரொம்ப லேட்டா இருக்கும்.”

கேட்காமலே இருந்திருக்கலாம்.

கவிதா கதவைத் திறந்ததும் நான் அவளைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையைத்தான் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்தான், முரளியின் மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடித்தான்.

“உரசிட்டியாம்மா?” என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“இல்ல அங்கிள். மெசேஜை இன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்; ஆனா நான் ஞாயித்துக்கிழமையே திறந்து பார்த்துட்டேன். பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு.”

“எப்படி?” டீச்சர் முந்திக்கொண்டார்.

கவிதா உள்ளே போய் சாமி அலமாரியிலிருந்து இரண்டு ஃபிலிம் டப்பாக்களைக் கொண்டு வந்தாள். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் பேர் இல்லை. ஒன்றில் மட்டும், இங்கே புரோக்கோலிக் கட்டில் வருகிற நீல ரப்பர் பேண்டைச் சுற்றியிருந்தாள்.

“நீலம் சுத்தினது நந்தினியோடது. இன்னொண்ணு இவனோடது. என்கிட்டயும் ஒண்ணு இருக்கறதாலதான் தெரிஞ்சுது.”

“போன் பண்ணியிருக்கலாமேம்மா!”

“என்னன்னு சொல்றது அங்கிள்? செல்வி மறந்து குடுத்தாளா, இல்ல வேணாம்னு விட்டுட்டாளான்னு தெரியல. இதெல்லாம் வச்சிருக்கேன்னு சொன்னா என் ஃப்ரெண்ட்ஸே சிரிப்பாங்க. நேர்ல வரும்போது குடுத்துக்கலாம்னு சாமிகிட்ட வச்சுட்டேன்.”

நீல ரப்பர் பேண்டு சுற்றிய டப்பாவைத் திறந்தேன். இருந்தது. மூடினேன். இன்னொரு தடவை திறக்கப் போனேன். டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார்.

“ஸ்காட்லாந்துல யாரும் இப்படித் தானா எடுத்துக் குடுக்க மாட்டாங்க,” என்றார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கவிதா எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டாள். அமெரிக்காவில் நான் சாப்பிட்ட சாப்பாட்டிலேயே வயிற்றில் தங்கியது அதுதான். கிளம்பும்போது வாசல்வரை வந்து, மற்ற டப்பாவை என் முன்னால் நீட்டினாள்.

“எனக்கு அம்மா இல்ல அங்கிள். இதை எடுத்து வைக்கணும்னு தெரியும். அதுக்கப்புறம் யார்கிட்ட குடுக்கணும்னு தெரியல. நீங்க ஊருக்குப் போறப்போ இதுக்கும் சேர்த்து...”

நான் வாங்கிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஒன்றையே தொலைத்தவன் கையில் இரண்டு.

காரில் டீச்சர் பேனாவை எடுத்தார். “ரெண்டுலயும் பேர் எழுதும், அண்ணாச்சி.” நான் மூடியின்மேல் எழுதப் போனேன். “மூடியில எழுதாதீரும். மூடி மாறும். டப்பா உடம்புல எழுதும்.” இரண்டிலும் தாள் சுற்றி ஒட்டித் தமிழில் எழுதினேன்: நந்தினி, கார்த்திக். ரப்பர் பேண்டையும் கழற்றவில்லை.

“உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்லையே டீச்சர், பின்னே ஏன் இத்தனை அலைச்சல்?”

“நம்பிக்கையை யார் கேட்டா? என் பேரன் கழுத்துல மாதா படம் வச்ச உத்தரியக் கயிறு கிடக்கு. அதைத் தொலைச்சா நீரும் வருவீரு, இல்லையா?”

வருவேன் என்றேன். எந்தப் பக்கத்து வண்டி என்று மட்டும் நான் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

நான் ஊருக்குத் திரும்பிய அன்று, நெவார்க் விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற பெண் இரண்டு டப்பாவையும் எடுத்து, ஃபிலிம் என்று நினைத்து, இரண்டு மூடியையும் ஒரே சமயத்தில் திறந்தாள். உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. சட்டைக்கு மேலாக என் தொப்புளைத் தொட்டுக் காட்டினேன். பிறகு தொட்டில் ஆட்டுகிற மாதிரி கையை ஆட்டினேன்.

அவள் முகம் இளகியது. பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் எட்டிப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மூடித் திருப்பித் தரும்போது ஒன்றின் மூடியை இன்னொன்றில் வைத்து அழுத்தினாள். நான் கண்ணால் பார்த்தேன். வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு மயக்கம் வந்திருக்க வேண்டும். ‘மூடி மாறும்’ என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்து, சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தேன்.

சென்னையில் கம்பிக்கு அந்தப் பக்கம் சரசு நின்றுகொண்டிருந்தாள். எப்படி இருக்கீக என்று கேட்கவில்லை, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

“கொண்டு வந்தீகளா?”

“ரெண்டு கொண்டு வந்திருக்கேன்.”

“ரெண்டா? அவளுக்கு ஒத்தப் பிள்ளைதானே?”

“கார்ல ஏறு,” என்றேன். கோவில்பட்டி வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் இரண்டு டப்பாவையும் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு கேட்டாள்.

“அந்தக் கவிதா பிள்ளைக்கு இடுப்பு எத்தனை சுத்து இருக்கும்?” என்றாள் கடைசியில். “கயிறும் அளந்து போடணும்லா.”